அழுத்தம் இறங்கிய மத்தியானம்

என் மச்சாண்டாருக்கு, அதாவது வீட்டுக்காரரோட அண்ணனுக்கு, தெரியாத விஷயமே கிடையாது. நெமிலிச்சேரியில வயலை வித்து மாடி வீடு கட்டின பெருமை வேற. அன்னிக்குப் புயல் அடிச்சுக்கிட்டிருந்தப்போ, என் செல்போன்ல காற்றழுத்தம் இறங்கிக்கிட்டே போறதை எட்டிப் பார்த்துட்டுச் சிரிச்சார். "பிரஷர் கம்மியாவுதுல்ல, அப்போ காத்தும் கம்மியாவும். அம்மாவுக்கு பிபி எறங்குனா எயுந்து நிக்க முடியுதா?"

பிபியாம்! பிஎஸ்ஸி பிசிக்ஸ் படிச்சவ வாயை மூடிக்கிட்டு இருக்க முடியுமா? "அப்படி இல்ல மாமா. நடுவுல அழுத்தம் எவ்ளோ குறையுதோ, சுத்தி இருக்குற காத்து அவ்ளோ வேகமா உள்ள பாயும். எறங்க எறங்கத்தான் பேய்க்காத்து"ன்னேன். "வந்துட்டா டீச்சரம்மா"ன்னு மாமியார் மூஞ்சியைச் சுளிச்சாங்க.

மத்தியானம் திடீர்னு காத்து நின்னுச்சு. ஒரு இலை அசையல. போன்ல அழுத்தம் அடிமட்டத்துல கிடந்தது. மச்சாண்டார் தொடையைத் தட்டினார். "பாத்தியா, முடிஞ்சுச்சு. டேய் தம்பி, மொட்டமாடித் தகரம் லூசாகி கீது, போய்க் கட்டிட்டு வா."

வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத் ஓட்டுறவர். அந்தக் கைதான் எங்க சோறு. "போகாதீங்க. இது புயலோட கண்ணு. நடுவுல மட்டும்தான் அமைதி. தாண்டினதும் எதிர்ப்பக்கத்துலேருந்து அதே வேகத்துல அடிக்கும். தகரம் கையை வெட்டிடும்"னு படிக்கட்டுல குறுக்க நின்னு கத்தினேன். "அண்ணன் சொல்றாரு, நகருடி"ன்னு என்னைத் தள்ளிட்டு ஏறினார்.

பாதிக் கயிறுகூடக் கட்டி முடிக்கல. அடிச்சது பாருங்க, வீடே அதிர்ந்துச்சு. மேலேருந்து ஒரே அலறல். தகரம் பக்கத்து மனையில கிடந்தது. வலது கையில மூணு விரல் எங்கே போச்சுன்னு தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவே இல்ல.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் மச்சாண்டார் ஒரே பாட்டுத்தான். "இவளுக்குக் கரிநாக்கு. கையை வெட்டிடும்னா, வெட்டிடுச்சு." அனுப்பினவன் யாருன்னு ஒருத்தர் கேட்கணுமே! எல்லாரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினாங்க. பாவிங்க.

அதுகூட எனக்கு உறைக்கல. படிக்கட்டுல நான் எப்படிக் கெஞ்சினேன்னு இவருக்குத் தெரியுமே, அது போதும்னு இருந்தேன். எல்லாரும் போனதும் ரசம் சாதம் பிசைஞ்சு ஊட்டினேன். வாங்கிக்கிட்டே இருந்தவர் இடது கையால என் கையைத் தட்டிவிட்டார்.

"நீ அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்திருந்தா, என் விரல் இருந்திருக்கும்டி."