நனைத்து விரித்த மேசைத்துணி

அவர் மேசைத்துணியை நனைத்துத்தான் விரிப்பார். நன்றாகப் பிழிந்து, உதறி, நாலு மூலையும் இழுத்துவிட்டு, அதன்மேல் தட்டுகளை வைப்பார். முதல்நாள் பார்த்தபோது தண்ணி ஊத்துப்பட்டுவிட்டது என்று நினைத்து நான் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். கப்பலில் சாப்பாடு பரிமாறுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். கடல் ஆடினாலும் ஈரத்துணியில் தட்டு வழுக்காது. அவர் அந்தக் கப்பல் வேலையை விட்டுப் பத்து வருசம். வீடு லண்டனில், கஸ்டம் ஹவுஸ் என்கிற பகுதியில், மூன்றாம் மாடியில். ஆனாலும் நனைப்பார்.

எண்பத்தாறில், அறை வாடகைக்கு என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து அவர் வீட்டில் அறை எடுத்தேன். எனக்கு இருபத்தெட்டு, அவர் வெள்ளைக்காரர், ஐம்பதுக்கு மேல். சன்னலால் பார்த்தால் துறைமுகம் தெரியும். கப்பல் வராத தண்ணி. முந்தி அந்தத் தெருவில் ஒரு பப் இருந்ததாம். கப்பல் வந்து நின்றால் பரிமாறுகிற பெடியள் எல்லாம் அங்கே கூடுவார்கள். உதட்டுச் சாயம் பூசிப் பாடுவார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெண் பெயர். பொலிசுக்கு விளங்காமல் கதைக்கத் தனிப் பாஷைகூட வைத்திருந்தார்கள். "நீயும் பஸ்ஸில் அதைத்தானே செய்கிறாய்" என்று என் தமிழைச் சொல்லிச் சிரிப்பார். நான் இருந்த காலத்தில் அந்தக் கூட்டாளிமார் ஒவ்வொருவராக அந்த எயிட்ஸ் நோயில் போனார்கள். ஒவ்வொரு செத்தவீட்டுக்கும் அதே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போவார்.

இரண்டாவது குளிர்காலத்தோடு என் அறை பெட்டி வைக்கிற அறையாகிவிட்டது. ஊர்ச்சனம் யாரும் வருவதென்றால் அந்தக் கட்டிலில் போர்வையை விரித்துக் கசக்கி விடுவேன். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

நான் ஹோட்டல் லாண்ட்ரியில் வேலை. அங்கே மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி துணி மடிப்பாள். என்னை அண்ணே என்பாள். ஒருநாள், "வீட்டுக்காரர் மீன் பொரிச்சு வைச்சிருப்பார், நான் போகவேணும்" என்றேன். அவள் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏண்ணே, எங்க ஊர்ல கட்டுன புருசனைத்தான் பொம்பளைங்க வீட்டுக்காரருன்னு சொல்லுவோம். மீனு வேற பொரிச்சு வைக்கிறாரா? குடுத்து வச்சவரு நீங்க!"

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது சுட்டது. வீட்டில் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு தினமும் கதவைத் திறந்ததும், "வீட்டுகார்! வீட்டுகார்!" என்று கத்துவார். வாயில் வந்த ஒரே தமிழ் அதுதான்.

தொண்ணூற்றாறில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் நேர்ஸ், நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டதற்கு நான் வாய் திறக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்து, ஒரு தமிழ் டொக்டர் பிள்ளையைக் கூட்டி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "அண்ணை, இவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டது. அதன் முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் முகம்.

"என்ர வீட்டுக்காரர்" என்றேன்.

பொய் இல்லை. பிள்ளை நேர்ஸிடம் திரும்பி, "லாண்ட்லோர்ட்" என்றது. நேர்ஸ் எழுதினாள். எனக்கு விளங்கியது. திருத்தவில்லை.

அவரோடு இருபது வருசம் கதைக்காத அவருடைய தமையனைக் கூப்பிட்டார்கள். கடைசி இரண்டு நாளும் சொந்தக்காரர் மட்டும் என்றார்கள். நான் நடையில் நின்றேன். கதவு திறபடும்போது கால் மட்டும் தெரியும். கூப்பிட்டாரோ தெரியாது. கூப்பிட்டிருந்தாலும், வீட்டுகார் என்ற அந்தச் சொல் அங்கே யாருக்கு விளங்கியிருக்கும்? செத்தவீட்டில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். தமையன் வந்து கை தந்து, நல்ல வாடகைக்காரனாக இருந்தாய் என்றார். வீட்டைக் காலி பண்ணும்போது மேசைத்துணியைக் கேட்டேன். கறை பிடித்த துணிதானே, எடு என்றார்.

போன மாதம் அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடையில் அந்த மதுரைப் பெண்ணைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. குரல் அதேதான்.

"அண்ணே! அடையாளமே தெரியலயே! உங்க வீட்டுக்காரரு எப்டியிருக்காரு?"

"செத்துப் போனார். தொண்ணூற்றாறில."

"அடப்பாவமே. அப்பறம் வேற எடம் கெடச்சுச்சா?"

நான் வாங்கின வெண்டிக்காய்ப் பையைக் கீழே வைத்தேன்.

"தங்கச்சி, அண்டைக்குச் சிரிச்சுச் சொன்னீங்களே, உங்கட ஊரில பொம்பிளையள் சொல்லுறதெண்டு. அப்பிடித்தான் அவர் எனக்கு."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டு என் பக்கம் ஒதுங்கி நின்றாள்.

"எத்தனை வருசம்ணே?"

"பத்து."

"இத்தனை நாளு யாருகிட்டயும் சொல்லலியா?"

"இல்லை."

என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை வந்தாள்.

இப்போது இல்ஃபோர்டில் ஒரு அறையில் இருக்கிறேன். அன்றைக்கு அங்கே வந்து அவருடைய மேசைத்துணியை நனைத்தேன். பிழிந்து, உதறி, நாலு மூலையும் இழுத்துவிட்டேன். இந்த மேசை ஆடாது. தட்டும் ஒன்றுதான்.