பிளவை ஆறியும் விடாத ஜுரம்

ஜாகீர்தார் காலத்து ஆரணி தர்மாஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை தொங்கும் கோட்டு. புண்ணிலிருந்து அவிழ்த்த துணியைக் கண்ணை மூடி முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

நீரிழிவும் இரைப்பும் பல வருஷமாகப் படுத்திய என் அக்கா புருஷனுக்கு முதுகில் பிளவை வந்தபோது, அவர்தான் கீறிக் காப்பாற்றினார். புண் ஆறியது. ஜுரம் மட்டும் மூன்று வாரமாகியும் இறங்கவில்லை. மாமா தன் தறியை யாருக்குக் கொடுப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஜுரம் அடிச்சிகினே இருக்குதுங்களே" என்றேன்.

டிரஸ்ஸர் கடைசிக் கட்டுத் துணியை முகர்ந்தார். "பிளவை சுத்தமா ஆறிப்போச்சு. இது நீரிழிவு ஜுரம். வைத்தியரைக் கேளுங்க. என் மருந்தையும் நிறுத்தாதீங்க."

நீரிழிவுக்குப் பார்த்துவந்த வைத்தியர், இது இரைப்பு ஜுரம் என்று தன் மருந்தையும் கொடுத்து, இரைப்புக்குப் பார்க்கும் யுனானி ஹகீமிடம் அனுப்பினார். ஹகீமும் ஒரு லேகியம் கொடுத்து, இது பிளவை ஜுரம்தான் என்று டிரஸ்ஸரிடமே திருப்பினார். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா பொறுக்கமாட்டாமல் எல்லா மருந்தையும் சாக்கடையில் கொட்டிவிட்டு வெறும் கஞ்சி கொடுத்தாள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது.

செய்தி கேட்டு டிரஸ்ஸர் வீட்டுக்கே வந்தார். அன்றுதான் முதன்முதலாக மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"என் மருந்து மெதுவாத்தான் கேக்கும். இன்னும் ஒரு மாசம் குடிக்கட்டும்."

"சரிங்க" என்று அக்கா புதுச் சீசாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷமாக நின்ற மனிதரிடம் உண்மையைச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.