குளியலறையில் பயணம் செய்த செடி

டெக்சாஸில், பிளானோவில், டோல்வே நெடுஞ்சாலையை ஒட்டிய கடைவரிசையில் புதிதாக ஒரு மெஸ் திறந்திருக்கிறார்கள். நேற்று மதியம் அங்கே போய்க் காரை விட்டு இறங்கினேன். உள்ளே யாரோ காய்ந்த எண்ணெயில் கறிவேப்பிலையைப் போட்டார்கள். சடசடவென்று சத்தம், பின்னாலேயே வாசனை. சாப்பிட வந்தவன் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பதை நெருங்குகிற ஒருவன் தாளிப்புக்குப் பயந்து ஓடுவதை யாரிடம் சொல்ல முடியும்? உங்களிடம்தான்.

என் மனைவி நிர்மலா ஊருக்கு ஊர் ஒரு கறிவேப்பிலைச் செடி வளர்த்தாள். முதல் செடி நியூ ஜெர்சியில். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் கைக்குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு டெக்சாஸில் வேலை கிடைத்ததும் அது பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் போயிற்று. டெக்சாஸில் முதலில் இருந்த பேர்லேண்டில் வளர்ந்ததைக் கோயிலில் பழக்கமான ஓர் அங்கிள் வாங்கிக்கொண்டார். பிளானோவில் வைத்தது அவள் தோளைத் தாண்டியபோது, என் கால் அடுத்த ஊரைத் தேட ஆரம்பித்திருந்தது. இந்த முறை அவள் முந்திக்கொண்டாள். கலிஃபோர்னியாவில், டப்ளினில் வேலை. தனியாக ஓர் அப்பார்ட்மென்ட். அதில் எனக்கு இடமில்லை என்பதை, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"செடிய பிளேன்ல எப்படி எடுத்துட்டுப் போவ?" என்றேன். என் கையில் மிச்சமிருந்த ஒரே துருப்புச்சீட்டு அது. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள கேம்பர்வேன் வாடகைக்கு எடுக்கலாம், நானே ஓட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்றேன். பாலைவனத்தில், ஒரே பெட்டிக்குள், நானும் அவளும் மட்டும்; மனசு மாறாமலா போகும்? பாலை பிரிவின் நிலம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன், அந்த நிலத்தின் வழியாகத்தான் மனைவியைச் சமாதானம் செய்யக் கிளம்பினேன்.

வேனில் அலமாரி அளவுக்கு ஒரு குளியலறை. செடியை நிமிர்த்தி வைக்கும் உயரம் அங்கே மட்டும்தான் இருந்தது. குளிக்காமல் அடுப்பைத் தொடாதவள் ஈரத்துண்டால் துடைத்துக்கொண்டு ரசம் வைத்தாள்.

"நாம ரெண்டு பேரும் நாறுறோம். அது மட்டும் ஷவர்ல ஜம்முனு குளிச்சிட்டு வருது," என்றாள்.

சிரித்தோம். இப்போது நினைத்தால், அந்தச் சிரிப்பை நம்பித்தான் நியூ மெக்சிகோ முழுவதையும் கடந்தேன்.

மேற்கு டெக்சாஸில் எண்ணெய் இறைக்கும் இயந்திரங்கள் தலையாட்டிக்கொண்டே வந்தன. நான் எது சொன்னாலும் சரி சரி என்பது போல அவை மட்டும்தான் தலையாட்டின. பிறகு அவையும் இல்லை. வெளிறிய மண், முள், வானம். எதையும் ஒளித்து வைக்க இடமில்லாத ஊரில் ஒளிய முயன்றவன் போல மெதுவாக ஓட்டினேன்.

"லிமிட் எண்பது. நீ அம்பதுல போற."

"காத்து அடிக்குது, வண்டி ஆடுது."

"காத்தெல்லாம் இல்ல. எனக்குத் தெரியும்."

தெரிந்தும் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வேறு எந்தக் கோபத்தையும் தாங்கியிருப்பேன்.

அரிசோனாவில் சாலையோர ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். சாயங்கால வெளிச்சத்தில் மலைகள் துருப்பிடித்து நின்றன. அங்கேதான் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நானும் டப்ளினுக்கே வந்துடறேன். வீட்லருந்தே பாக்குற ரிமோட் வேலை கேட்டு அப்ளை பண்றேன். இனிமே எங்கயும் நகர மாட்டேன்."

"வருவ. ரெண்டு வருஷத்துல சியாட்டில்னு ஆரம்பிப்ப."

"சத்தியமா இல்ல."

"நியூ ஜெர்சிலயும் இதே சத்தியம்தான் பண்ண. எனக்கு ஒரு ஊர்ல இருக்கணும்ப்பா. உனக்கு எந்த ஊரும் பத்தல. இதுல யார் மேலயும் தப்பு இல்ல."

தப்பு இருந்திருந்தால் திருத்திக்கொள்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம்.

கொலராடோ ஆற்றைத் தாண்டினால் கலிஃபோர்னியா. எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. செடி, பழம் இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்புப் பலகை. இதை எங்கள் இருவருக்கும் யாரும் சொல்லவில்லை. செடிக்கு ஊர் மாறவும் அனுமதி வேண்டும் என்று யார் கண்டது? வண்டி வரிசையில் நின்றபோது எழுந்துபோய் அவசரமாகக் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு, 'நோ' என்பதைத் தயாராக வைத்துக்கொண்டேன். அலுவலர் பெண் குனிந்து கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து சீட்டிலிருந்து நிர்மலா "எஸ்" என்றாள்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் ஒரு பூச்சி இந்தச் செடியிலும் தங்குமாம். இங்கேயே ஒப்படைக்கலாம். இல்லையென்றால் செடியோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போகலாம்.

திருப்பலாம். அந்த ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்கினேன்.

"நிம்மி, திரும்பிடலாம். செடியோட பிளானோவுக்கே போயிடலாம். ப்ளீஸ்."

நான் வண்டியைத் திருப்பத் தயாராக ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்ததை அவள் பார்த்தாள். பிறகு இறங்கிப் பின்பக்கம் போய், தொட்டியை இடுப்பில் ஏந்தி வந்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். ஓர் இலையைக்கூடக் கிள்ளி வைத்துக்கொள்ளவில்லை.

"வண்டிய எடு," என்றாள். எடுத்தேன். அதன் பிறகு ஐம்பதில் ஓட்ட எனக்குத் தெம்பு இல்லை.

பல வருஷம் கழித்து இன்று, வேன் வாடகைக்கு விட்ட இடத்தில் கிடங்குகள் நிற்கின்றன. நாங்கள் இருந்த பிளானோ வீட்டில் வேறு குடும்பம். அவளுடைய நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு முறை அழைத்தபோது ஒரு கிழவர் எடுத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். நான் மட்டும் ஊர் மாறவில்லை. எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

அன்று டப்ளினில், அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில், கடைசிப் பெட்டியை மேலே வைத்துவிட்டு அவள் இறங்கி வந்தாள். நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்திருந்தேன். ஜன்னல் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"தூக்கம் வந்தா ஓரமா நிறுத்திட்டுத் தூங்கு. போய்ச் சேந்ததும் போன் பண்ண வேணாம்."