எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு

பெயிண்ட் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் நெட்வொர்க்கைக் கவனிப்பவருக்கு 'எங்கபக்கம்' என்று பட்டப்பெயர். யார் போன் செய்தாலும், என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்பே "எங்க பக்கம் சரியாத்தான் இருக்கு" என்பார். பத்துக்கு ஒன்பது தடவை அது உண்மையும்கூட. அதுதான் அவரைக் கெடுத்தது. ரூட்டரில் யார் எதை மாற்றினாலும் பச்சை நோட்டில் எழுதியே ஆக வேண்டும் என்று விதி போட்டவர் அவர்தான். தான் செய்வதை மட்டும் எழுதமாட்டார். கேட்டால், "சின்ன மாத்தம்" என்பார்.

அன்று மூன்றரைக்குள் அவர் கிளம்பியாக வேண்டும். நாலு மணிக்கு மனைவிக்கு டிரைவிங் டெஸ்ட், மூன்றாவது முயற்சி. கார் இவரிடம். போன தடவை பின்சீட்டிலிருந்து இவர் அள்ளி வழங்கிய யோசனைகளால்தான் தோற்றேன் என்பது அம்மையாரின் தீர்ப்பு. காலையில் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: "காரை மட்டும் கொண்டாங்க. யோசனைய ஆபீஸ்லயே வெச்சுட்டு வாங்க."

இரண்டு மணிக்குக் கிடங்கில் கரண்ட் போய் உடனே வந்தது. அதோடு கிடங்கு ரூட்டருக்கும் அலுவலக ரூட்டருக்கும் உறவு முறிந்தது. லோடு சீட்டு அச்சாகவில்லை. அது இல்லாமல் கிளம்ப முடியாமல் வாசலில் ஆறு லாரி. கிடங்கில் ரூட்டரைப் பார்த்துக்கொள்பவர் வேறு யாருமல்ல, மனைவியின் தம்பி.

"மச்சான், எங்க பக்கம்..."

"சரியாத்தான் இருக்கும், தெரியும் மாமா. இங்கயும் எல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்ப ரெண்டு பேரும் வீட்டுக்குப் போயிடலாமா?"

விசித்திரம் என்னவென்றால், கம்பியில் குறையில்லை. சின்னச் செய்தி அனுப்பினால் பத்திரமாகப் போய்த் திரும்பியது. ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டன, அடுத்த வீட்டுக்காரர் இவர்தான் என்று ஒப்புக்கொண்டன. எங்கே போக எது வழி என்ற பட்டியலைக் கொடுத்து வாங்கும்போதுதான் முரண்டு. உடனே மறுபடியும் வணக்கத்திலிருந்து ஆரம்பம். ஒரு மணி நேரமாக இதே மரியாதை.

"நேத்து வரைக்கும் ஓடுச்சு. கரண்ட் போனது உன் பக்கம். உன் ரூட்டர்தான் எதையோ மறந்திருக்கு" என்றார் எங்கபக்கம்.

"அப்ப இதைக் கழட்டிட்டுப் புதுசு மாட்டிடறேன் மாமா. ஒரு மணி நேரம் ஆகும். நீங்க லைன்லயே இருங்க."

மணி மூன்று ஐந்து. தன் வாதத்தில் தானே மாட்டிக்கொண்டவர், பெரிய தகவல் பொட்டலம் ஒன்றை, வழியில் பிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுப்பிப் பார்த்தார். போகவில்லை. அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போன வியாழக்கிழமை, பேக்கப் வேகமாக ஓடட்டும் என்று, ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவைத் தன் ரூட்டரில் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு பைட்டிலிருந்து ஒன்பதாயிரமாக ஏற்றியிருந்தார். ஏற்கெனவே கைகோத்திருந்த ரூட்டர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கரண்ட் போய் வந்ததும் புதிதாக அறிமுகமாக வேண்டியிருந்தது. பட்டியலைக் கைமாற்றும் முன் அளவைக் கேட்டுக்கொள்வது அவற்றின் வழக்கம். பொருந்தவில்லை, விலகிக்கொண்டன.

பழையபடி மாற்றப் பத்து விநாடி போதும். பிறகு, "தானா வந்துடுச்சு" என்று சொல்லிக் கிளம்பலாம். இந்தத் தொழிலில் அதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம். ஆனால் போனில் ஸ்குரூடிரைவர் சத்தம் கேட்டது.

"கழட்டாதே!"

"நீங்கதானே மாமா என் ரூட்டர் மறந்துடுச்சுன்னீங்க?"

"மறந்தது அது இல்ல. பொட்டல அளவு... வியாழக்கிழமை நான்தான் மாத்தினேன்."

ஸ்குரூடிரைவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பச்சை நோட்டுல இருக்கா?"

"சின்ன மாத்தம்டா."

"மாமா, ஸ்பீக்கர்ல போடறேன், இன்னொரு தடவ சொல்லுங்க. லாரி டிரைவருங்க ரெண்டு மணியிலருந்து என்னைத்தான் திட்டிட்டிருக்காங்க."

"டேய், உங்க அக்கா கார் என்கிட்ட இருக்கு. மணி மூணு இருபது."

"அப்ப சீக்கிரம் சொல்லுங்க!"

சொன்னார். ஆறு லாரியின் ஹாரன்களும் ஒன்றாக அலறின. அளவைக் குறைத்ததும் பட்டியல் கைமாறியது, சீட்டுகள் அச்சாகத் தொடங்கின.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டெஸ்ட் மைதானத்தில் மனைவியிடம் சாவியைக் கொடுத்தார். தம்பி போனில் முழுக்கதையும் சொல்லியிருக்க வேண்டும். அம்மையார் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் வண்டியில் ஏறினார்.

பார்க்கத் தைரியமில்லாமல் இவர் வேலிக்கு முதுகைக் காட்டி நின்றார். இன்ஜின் ஒரு தடவைகூட அணையவில்லை. கடைசியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தேறிவிட்டார் என்று அதிலேயே தெரிந்தது. தோற்ற இரண்டு தடவையும் அந்தக் கதவு அவ்வளவு மெதுவாகச் சாத்தப்படவில்லை.