மண்டை ஓடும் எலுமிச்சம்பழமும்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் கம்பெனியில் ஒரு டிரம் காணாமல் போய்விட்டது.

ஒரு டிரம் போனதற்கு ஒரு பத்தியா என்று கேட்பீர்கள். அதற்குள் என்ன இருந்தது என்று தெரிந்தால் கேட்க மாட்டீர்கள்.

திருநீர்மலைப் பக்கம் ஒரு சின்ன பிளேட்டிங் கம்பெனியில் நான் வேலை பார்ப்பது, இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பைக்கில் ஆங்காங்கே பளபளவென்று மின்னுகிறதே குரோம் முலாம், அதுதான் எங்கள் தொழில். பளபளப்பு வண்டியோடு போய்விடும். மிச்சம்? மஞ்சள் நிறக் கழிவு நீர். குடித்தால் குடலை அறுக்கும். கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தோலில் ஓட்டை போடும். அது எங்களோடு தங்கிவிடும்.

அதை நீல டிரம்களில் அடைத்து, லேபிள் ஒட்டி, ஷெட்டில் வைத்து, அதற்கென்றே உரிமம் வாங்கிய லாரி வரும்போது ஏற்றி அனுப்ப வேண்டும். இதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் நான். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பதவியின் பெயர் ‘சுற்றுச்சூழல் மற்றும் பாதுகாப்பு அலுவலர்’. விசிட்டிங் கார்டில் இரண்டு வரிக்குப் போகும். கம்பெனியில் யாருக்கும் அவ்வளவு நேரம் இல்லாததால் ‘கெமிஸ்ட் சார்’.

லேபிள் என்றேன் இல்லையா... அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மஞ்சள் நிறம், லேமினேஷன், ஆங்கிலத்தில் எட்டுக் கட்டங்கள், மூலையில் ஒரு மண்டை ஓடு. நானே டைப் அடித்து, நானே ஒட்டியவை. ஒட்டிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்.

அன்றைக்கு எனக்கு கிண்டியில் ஒரு பயிற்சி வகுப்பு. தலைப்பு: ‘அபாயகரமான கழிவுகளுக்கு லேபிள் ஒட்டுவது எப்படி?’ முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தேன். இரண்டு சந்தேகம் கூடக் கேட்டேன். மதியச் சாப்பாட்டு வரிசையில் பின்னால் நின்றவரிடம் என் லேபிளை செல்போனில் காட்டினேன். “சூப்பர் சார்” என்றார்.

நான்கு மணிக்குக் கம்பெனிக்குத் திரும்பினால், வாசலில் முதலாளி கரீம் பாய் பொரி பொட்டலத்தோடு நிற்கிறார். மறுநாள் லீவு என்பதால் கம்பெனி பூஜை முந்தின நாளே முடிந்துவிடும். பூஜை நடக்கும்போது அவர் ஆபீஸ் ரூமில்தான் இருப்பார். ஆனால் பொரி, கடலை, ஸ்வீட் பாக்ஸ், பூசணிக்காய் எல்லாம் வாங்கி வருவது அவர்தான். பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்றால் முதலில் வாடுவதும் அவர் முகம்தான்.

“வாங்க தம்பி! போய் உங்க ஷெட்ட பாருங்க. பசங்க ஜோரா பண்ணிக்கீறாங்க!”

போய்ப் பார்த்தேன்.

ஜோராகத்தான் பண்ணியிருந்தார்கள். டிரம்கள் ஒவ்வொன்றும் தேய்த்துக் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி மின்னின. மேலே மஞ்சள் பூச்சு, மூன்று விரல் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம், மூடியில் சாமந்திச் சரம். ஓர் ஓரத்து டிரம்மின் மேல் மட்டும், லாரி டயருக்கு வைத்ததில் மிச்சமான குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம்.

லேபிள்? ஒன்றுகூட இல்லை.

ஷெட் உட்பட எல்லா இடத்தையும் சுத்தம் செய்கிற சரோஜா அக்கா, ஸ்க்ரப்பரோடு பெருமையாக நின்றுகொண்டிருந்தார்.

“அக்கா... லேபிள் எங்க?”

“அத்த ஏன் சார் கேக்கற! தின்னர் ஊத்தி ஊத்தி தேச்சேன். கையே போச்சு.”

“ஏன்க்கா தேச்சீங்க?”

“நல்ல நாளும் அதுவுமா மண்ட ஓடு படத்துக்கு எதிர்லயா சார் கற்பூரம் காட்டுவாங்க?”

இதற்கு கிண்டிப் பயிற்சியில் பதில் சொல்லித் தரவில்லை.

டிரம்களை எண்ணினேன். ஏழு. முந்தின நாள் சாயங்காலம் எட்டு.

“அக்கா, ஒண்ணு குறையுதே?”

சரோஜா அக்கா சிரித்தார். பிறந்த நாள் கேக்கை ஒளித்து வைத்திருப்பவர் சிரிக்கிற மாதிரி.

“அது உங்க வூட்ல கீது சார்.”

“எங்க வீட்லயா?”

விஷயம் இதுதான். எங்கள் வீடு மாடம்பாக்கத்தில். போர் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அதைப் பிடித்து வைக்கிற டிரம் விரிசல் விட்டு இரண்டு மாதம். “கம்பெனில அத்தினி டிரம் சும்மா கீதே, ஒண்ணு எடுத்தாந்தா இன்னா?” என்று அம்மா தினம் கேட்பாள். நான் தினம் குரோமியம் பற்றிப் பாடம் எடுப்பேன். இதை ஒரு நாள் சாப்பிடும்போது சரோஜா அக்காவிடம் புலம்பி வைத்தேன். அவர் அதிலிருந்து குரோமியத்தைக் கழித்துவிட்டு, அம்மாவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“நீ வெக்கப்பட்டுகினு எடுத்துகினு போக மாட்ட. அதான் நாங்களே பூஜை முடிச்சு லோடு ஆட்டோல ஏத்தி, அம்மா கைல குடுத்துட்டு வந்தோம். இன்னா சந்தோசம் தெரியுமா அவங்களுக்கு!”

“அதுக்குள்ள கழிவு இருந்துச்சேக்கா!”

“கொஞ்சம்தான் சார் இருந்துச்சு. கீழ கொட்டக்கூடாதுனு நீதான சொன்ன? வேற டிரம்ல ஊத்திட்டு, ரெண்டு வாட்டி அலசி...”

“எந்த டிரம்ல ஊத்துனீங்க?”

“தோ... பொட்டு வெச்ச டிரம்ல.”

ஏழு டிரம்மும் என்னைப் பார்த்தன. ஏழுக்கும் பொட்டு. நல்ல வேளையாக, ஏழிலும் ஒரே வகைக் கழிவு. வேறு வேறாக இருந்திருந்தால் இந்தப் பத்தியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டு முறை அலசினால் போகிற சரக்கில்லை அது. அம்மாவுக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் வருகிற நாள் வேறு. மூன்று மணிக்கே வந்திருக்கும். நாலு மணிக்கு அம்மா டீ போடுவாள்.

பைக்கை எடுத்தேன்.

பண்டிகைக்கு முந்தின நாள் தாம்பரத்தைத் தாண்டியிருக்கிறீர்களா? வாழைக்கன்று ஒரு பக்கம், பூசணி மலை ஒரு பக்கம், நடுவில் சாமந்தி கிலோ என்ன விலை என்று காரை நிறுத்திக் கேட்கிற ஒரு புண்ணியவான். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். “இன்னா மச்சான், ஊடு பத்திகினு எரியுதா?” என்றான் ஒரு பூக்காரன். அம்மா இந்நேரம் எத்தனாவது டம்ளரில் இருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் டிரம் நின்றது. கழுத்தில் சாமந்தி. உள்ளே பாதி அளவு தண்ணீர், லேசான மஞ்சளில். பக்கத்தில் அம்மா, கையில் டம்ளரோடு.

“அம்மா! கீழ வை! குடிச்சியா?”

“இன்னாடா, வரும்போதே சாமி வந்த மாதிரி கத்தற?”

“தண்ணி மஞ்சளா இருக்கே, பாக்கலயா நீ?”

“மஞ்ச பூசுன டிரம்முடா. தண்ணியும் மஞ்சளாத்தான் இருக்கும். மங்களகரமா கீதுல்ல?”

“குடிச்சியா, இல்லையா?”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“படிச்ச புள்ளைக்கு இதுகூட தெரில. பூஜைல வெச்ச பொருள அன்னிக்கே எடுத்து பொழங்குவாங்களா? நீ புஸ்தகத்த பூஜைல வெச்சா தொடுவியா? ரொப்பலாம், மொள்ளக்கூடாது. நாளைக்கு கற்பூரம் காட்டிட்டுத்தான் மொள்ளணும். முதல் தண்ணில பொங்கல் வெச்சு பக்கத்து வூட்டு ரெஹானாவுக்கும் குடுக்கலாம்னு இருந்தேன்.”

“அப்ப டம்ளர்ல?”

“டீடா. பழைய தண்ணில போட்டது.”

நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். “செல்போன் எங்கம்மா?” என்றேன். அதையும் பூஜையில் வைத்திருந்தாள். தொடக்கூடாதாம்.

அப்புறம்தான் உண்மையான தகராறு. அந்தத் தண்ணீரை என்ன செய்வது? அம்மாவின் யோசனை எளிமையானது: கால்வாயில் ஊற்று. கால்வாய் ஏரிக்குப் போகிறது. ஏரித் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கினால் தெருவில் இருக்கிற எல்லா போருக்கும் போகிறது. ஆக, டிரம்மைக் கம்பெனிக்கே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரோடு.

சரோஜா அக்கா கம்பெனிப் பையன்கள் நாலு பேரோடு அதே லோடு ஆட்டோவில் பின்னாலேயே வந்துவிட்டார். கையில் ஆறு ஜோடி ரப்பர் கிளவுஸ். முகம் செத்துப் போயிருந்தது. “குடிச்சிட்டாங்களா சார்?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். அம்மா அவருக்கும் ஒரு டீ கொடுத்தாள்.

மூடியை இறுக்கிக் கிளாம்ப் போட்டு, ஆறு பேர் சேர்ந்து தூக்கினோம். தண்ணீருக்குச் சண்டை போடுகிற தெரு எங்கள் தெரு. வீட்டிலிருந்து தண்ணீர் வெளியே போவதைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

ரெஹானா அக்கா மாடியிலிருந்து கேட்டார்: “லாரி வூட்டாண்ட வந்து தண்ணி ஊத்தும். நீ வூட்லருந்து ஏத்தி அனுப்பறியே, வேலைல எதனா பேஜாரா?”

அன்று மாலை அந்தத் தண்ணீர், அலசின தண்ணீரைச் சுத்திகரிக்கிற எங்கள் தொட்டிக்குள் போனபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

மூச்சு வந்ததும் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? சரோஜா அக்கா மேலா? அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். அந்த டிரம்மைத் தினமும் தொடுகிறவர் அவர். நான் எட்டுக் கட்டமும் ஆங்கிலத்தில் அடித்தேன். அதைப் படித்தது மொத்தம் மூன்று பேர் — நான், சோதனைக்கு வரும் அதிகாரி, கிண்டி சாப்பாட்டு வரிசைக்காரர்.

எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தக் கடிதத்தையும் நான் படித்துச் சொன்னால்தான் அம்மாவுக்குத் தெரியும். அப்படி வளர்ந்த எனக்கே இது தோன்றவில்லை என்றால்... என்ன சொல்ல!

தவிர, நம் வீடுகளில் லேபிள் என்றைக்கு உண்மை பேசியிருக்கிறது? ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் இட்லி மாவு. பிஸ்கட் டின்னைத் திறந்தால் ஊசி நூல். ஊறுகாய் பாட்டிலில் தேங்காய் எண்ணெய். மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்காது என்பதை நாம் பால்குடி மறந்த வயதிலேயே கற்றுக்கொள்கிறோம். அப்படிப்பட்ட ஜனங்களிடம் நான் ஒரு ஸ்டிக்கரைக் காட்டி பயமுறுத்தப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்குப் புது டிரம் வாங்கப் போனேன். கடைக்காரர் பழைய நீல டிரம் ஒன்றைத் தட்டிக் காட்டினார். “முன்னாடி என்ன இருந்துச்சுண்ணா?” என்றேன். “ஜூஸ் சார்.” அதற்கடுத்தது? “ஜூஸ்.” முப்பது டிரம் இருந்தது. முப்பதும் ஜூஸ். அவ்வளவு ஜூஸை யார் குடித்தார்கள்? கேட்காமல், இதுவரை ஒன்றுமே இல்லாதிருந்த புது டிரம்மாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கம்பெனியில் தமிழ் லேபிள் தயார் செய்தேன். ‘அபாயகரமான கழிவு. உடல்நலத்திற்குத் தீங்கு விளைவிக்கக்கூடியது.’ சரோஜா அக்காவிடம் காட்டினேன்.

“யாருக்கு சார் இது? ‘இதுல தண்ணி புடிக்காத, குடிச்சா செத்துடுவ’ன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். ஆங்கிலக் கட்டங்களுக்குக் கீழே, பெரிய எழுத்தில். காலி டிரம்களை இனி பாதியாக வெட்டித்தான் அனுப்புவது என்றும் முடிவு செய்தோம். அம்மா அதையும் கேட்டுவிட்டு, “பாதி டிரம்னா கருவேப்பல செடி வெக்கலாமேடா” என்றாள். கால் காலாக வெட்டுகிறோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். பூஜை முடிந்து ஒரு வாரம். ஆறு டிரம்களின் மேல் டீ கிளாஸ், டிபன் பாக்ஸ், ஹெல்மெட், ஒருத்தருடைய சட்டை. ஓரத்து டிரம் மேல் மட்டும் ஒன்றுமில்லை. பக்கத்தில்கூட யாரும் போகவில்லை. அதன் மேல் அந்தக் குங்கும எலுமிச்சம்பழம் காய்ந்துபோய்க் கிடந்தது.

நான் கெமிஸ்ட்ரி படித்தவன். எனக்கு மனசாட்சி உறுத்தியது. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மார்க்கெட்டில் ஏழு எலுமிச்சம்பழம் வாங்கினேன்.

போன வாரம் அதிகாரி சோதனைக்கு வந்தார். கறாரான மனிதர். ஒவ்வொரு லேபிளையும் குனிந்து, விரல் வைத்து, எட்டுக் கட்டமும் படித்தார். கீழே இருந்த சரோஜா அக்காவின் வாசகத்தை இரண்டு முறை படித்தார். “இது நல்லா இருக்கே” என்றார். கரீம் பாய்க்கு உயிர் வந்தது.

“அது என்ன தம்பி, எலுமிச்சம்பழம்?”

“கூடுதல் பாதுகாப்பு சார்.”

“இந்தக் காலத்துல இதையெல்லாம் யாருப்பா நம்பறாங்க?” என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே திரும்பியவர், தரையில் உருண்டு கிடந்த ஒரு பழத்தைப் பார்த்தார். அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, மண்டை ஓடு ஒட்டிய டிரம்மின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தாண்டிப் போனார்.