மண்ணூர்பேட்டைக்கு ஒரு லாமினேட் செய்த கடிதம்

சென்ற ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை 8.40 மணிக்கு, கரையான்சாவடி ஜெராக்ஸ் கடை வாசலில் நானும் அண்ணனும் ஒருமனதாக ஒரு தீர்மானம் நிறைவேற்றினோம்: கடிதத்தை லாமினேட் செய்துவிடுவது. வானம் மூடியிருந்தது. செலவு முப்பது ரூபாய்.

கடிதம் முதல் நாள் அரசு மருத்துவமனையில் வாங்கியது. அண்ணனுக்குச் சர்க்கரை; இடது கால் விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. "இந்த வாரமே ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துட்டா விரல் தப்பிச்சிடும். இங்க அதுக்கு ஆள் இல்ல" என்ற டாக்டர், அரசுக் காப்பீட்டு அட்டையில் இலவசமாகச் செய்யும் மண்ணூர்பேட்டைத் தனியார் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணன் எதையும் லாமினேட் செய்பவர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் முதல் கல்யாணப் பத்திரிகை வரை அவர் வீட்டில் பளபளக்கும்.

ஆட்டோவில் 13 கிலோமீட்டர், 320 ரூபாய், 55 நிமிடம். ஓட்டுநர் காலைப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, இத்த வச்சிகினு இம்மா நாள் இன்னா பண்ணே?"

"டூட்டி இருந்துச்சுப்பா." அண்ணன் தொழிற்பேட்டையில் காவலாளி.

மருத்துவமனையில் ஏசி நன்றாக இருந்தது. காப்பீட்டு மேசைப் பெண் கடிதத்தின் பின்பக்கம் முத்திரை குத்தினார். மை வழுக்கியது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினார்.

"ஒரிஜினல் மேலதான் சீல் போட்டு அப்லோட் பண்ணணும் சார். வேற லெட்டர் வாங்கிட்டு வாங்க. கேஷ்னா இப்பவே அட்மிட் பண்ணிக்கலாம்."

கேஷ் எங்களிடம் இல்லை. அண்ணன் பிளேடு கேட்டு வாங்கி உரித்தார். டாக்டரின் கையெழுத்து பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டது.

வாசலில் அதே ஆட்டோ. "கவர்மென்ட்டு பேப்பர் குடுக்குது, பிரைவேட்டு சீல் குத்துது, நடுவுல நான்தான் பொயக்கிறேன் நைனா" என்றவர், கட்டணத்தில் இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார்.

12.50க்கு அரசு மருத்துவமனை. டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார், திங்கட்கிழமை வருவார். எழுதியவரே திரும்ப எழுத வேண்டுமாம்.

மருத்துவம் அரசிடம் இருக்கவேண்டுமா, தனியாரிடமா என்று கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் இரண்டு பக்கமும் பேசிப் பரிசு வாங்கியிருக்கிறேன். அன்று இரண்டையும் பார்த்தேன். இரண்டிலும் நல்லவர்கள் இருந்தார்கள். நடுவிலுள்ள 13 கிலோமீட்டர் யாருடைய பொறுப்பு என்று எந்தப் பலகையிலும் இல்லை.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் கிளம்புங்கள். கடிதத்துக்குச் சாதாரண பிளாஸ்டிக் கவர் போதும், மூன்று ரூபாய்.

திங்கட்கிழமை புதிய கடிதம் கிடைத்தது. புதன்கிழமை அண்ணனின் இடது காலில் மூன்று விரல்களை எடுத்தார்கள்.