நாலு கோடு

என் கணவர் நானுஓயா ரயில் நிலையத்தில் வேன் ஓட்டுகிறவர். ரயிலிலிருந்து இறங்குகிறவர்களை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் விடுவதும், கேட்டால் இறம்பொடை நீர்வீழ்ச்சி வரை கூட்டிப்போய்க் காட்டி வருவதும் இருபது வருடத்துக்கு மேலாக அவருடைய தொழில். ஏறினவர்களின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. கை ஞாபகம் இருக்கும். வளைவுகளில் முன் ஆசனத்தின் கம்பியை இறுகப் பிடிக்கிற கைகள்தான் கண்ணாடியில் முதலில் தெரியும் என்பார்.

அந்தக் கைகளில் திரும்பத் திரும்ப ஒரே கடிகாரத்தை அவர் பார்த்திருக்கிறார். செவ்வகமான வெள்ளை முகம், கறுப்பில் உரோம எண்கள், இரண்டு பக்கமும் தண்டவாளம் போல இரண்டு பொன்னிறச் சட்டங்கள், நீல நிற முட்கள், கறுப்புத் தோல் பட்டி. விநாடி முள்கூட இல்லை. அதன் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. விலையை மட்டும் யாரோ ஒரு பயணி சொல்லியிருக்கிறார்.

"அதக் கட்டிக்கிட்டுப் போறது நம்ம வேன்ல பாதியக் கையில கட்டிக்கிட்டுப் போற மாதிரி," என்றார் என்னிடம். "ஆனா ஒன்னு. கால் சப்பாத்து மாறிருச்சு, போன் மாறிருச்சு, நானே மூனு வேன் மாத்திட்டேன். அந்த வாச்சு மட்டும் நான் மொத மொதல்ல பார்த்த மாதிரியே இருக்கு."

ஒருமுறை ஒரு தாயும் மகளும் ஏறினார்களாம். கடிகாரம் மகளின் கையில் இருந்தது. தாய் தன் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியதாம் அது. "அந்தப் புள்ளைக்கே செஞ்ச மாதிரி இருந்துச்சு," என்று நாலைந்து நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

போனில் அதன் படத்தைக் காட்டியபோது எனக்கும் பிடித்துவிட்டது. நான் கணக்கு டீச்சர், லிந்துலைப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். செவ்வகம் என்றால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். அந்த நீளத்துக்கு அந்த அகலம்தான் பொருந்தும் என்று பார்த்த உடனே தெரிந்தது. யாராவது அழகுபடுத்துகிறேன் என்று ஒரு பூவையோ ஒரு கல்லையோ சேர்த்திருந்தால் அந்த வருடத்தோடு அது பழசாகியிருக்கும். யாரும் எதையும் சேர்க்கவில்லை. அதனால் அது பழசாவதற்கு வழியே இல்லாமல் போய்விட்டது. இதை அவரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெட்டியை மேசையில் வைத்தார். திறந்தால் அந்தக் கடிகாரம். அதாவது, அந்தச் சாயலில் ஒன்று. ஹட்டனில் கடிகாரக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் முதலாளியிடம், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவரிடம், சொல்லிவைத்து எடுப்பித்திருக்கிறார். "இது பெரிய கம்பனி வாச்சு இல்ல, அந்த ஷேப்புதான்னு நானா மொதல்லயே சொல்லிட்டாரு," என்று என்னிடமும் ஒளிக்காமல் சொன்னார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேறு எவளாவது இருந்தால் கையை நீட்டியிருப்பாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகப்பைப் பார்த்தேன். நாலு மணி இருக்கும் இடத்தில் நாலு கோடு நின்றது.

"ஏங்க, இதுல நாலு பிழை," என்றேன். "உரோம எண்ணுல நாலு இப்படி வராது. அஞ்சுக்கு முன்னால ஒரு கோடு, அவ்வளவுதான். எங்க ஏழாம் வகுப்புப் புள்ளைங்க இப்படி எழுதினா வெட்டிருவேன்."

இதைச் சிரித்துக்கொண்டே வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அவர் கோபிக்கவில்லை. "அப்படியா? நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று பெட்டியை மூடினார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். அந்த "சரியாத்தான் இருக்கும்" என் காதில் நாள் முழுக்கக் கேட்டது.

என் புத்திக்கு ஒரு கதை உண்டு. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு எங்கே வரப்போகிறது என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு விடைகூடப் பிழையாகக் கூடாது என்று வாழ்ந்து, கடைசியில் யார் முன்னாலும் பிழை விடத் தெரியாதவளாகிவிட்டேன். கடைப் பலகையில் எழுத்துப் பிழை இருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவேன். "என் பிழை" என்று நான் வீட்டில் சொன்னதாக ஞாபகமே இல்லை.

மறுநாள் காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனார். "நானாகிட்ட கேட்டுட்டு வர்றேன்," என்றார். நான் பாடசாலைக்குப் போனேன்.

இரண்டாம் பாடவேளை எனக்கு ஓய்வு. பாடசாலை அதிபரின் அறையில் பாடக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மணி என்ன என்று நிமிர்ந்தேன். சுவரில் பழைய வட்டக் கடிகாரம். உரோம எண்கள். நாலு மணியில் நாலு கோடு.

பத்தொன்பது வருடமாக அதற்குக் கீழே நின்று கையெழுத்துப் போடுகிறேன். ஒரு நாளும் கண்ணில் படவில்லை. போனில் தேடினேன். அவர் ஆசைப்பட்ட அந்தப் பெரிய கம்பனிக் கடிகாரத்திலும் நாலு கோடுதான். கடிகார முகப்பில் அதுதான் வழக்கமாம். ஒரு தாளை எடுத்து எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதல் நாலில் கோடு மட்டும், அடுத்த நாலில் ஐந்தின் குறி, கடைசி நாலில் பத்தின் குறி. பன்னிரண்டும் மூன்று சம பங்காகப் பிரிந்து நின்றது. இடது பக்கம் எட்டு பாரமாக இருக்கிறது. அதற்கு எதிரே நாலு கோடு நின்றால்தான் முகம் ஒரு பக்கம் சாயாது. அந்த அழகைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கம் பிடுங்கியும் தின்றது. கோடு கூடிப்போனது என்று நான் வெட்டியதுதான் அந்த முகத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது.

அவருக்கு மூன்று முறை அழைப்பு எடுத்தேன். வேன் ஓட்டும்போது அவர் போனைத் தொட மாட்டார்.

பின்னேரம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சர், கையக் குடு," என்று அவரே கட்டிவிட்டார். "நாலச் சரி பண்ணியாச்சு."

பார்த்தேன். கடையில் வேலை செய்கிறவர் முகப்பைக் கழற்றி, மூன்று கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் ஐந்தின் குறியை வரைந்திருந்தார். குறி கொஞ்சம் சாய்ந்திருந்தது. சுரண்டிய இடம் மங்கியிருந்தது. பிழையில்லாமல் இருந்த ஒன்றை என் வாய் கெடுத்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"ரொம்ப நல்லா இருக்குங்க," என்றேன்.

ஒரு வருடம் அதைக் கட்டினேன். விடுமுறை நாட்களில் அவரோடு வேனில் போகும்போது, அசல் கடிகாரம் கட்டிய யாராவது ஏறினால் சேலைத் தலைப்பை இழுத்து என் கையை மறைத்துக்கொள்வேன். கடிகாரத்துக்காக வெட்கப்பட்டு அல்ல. அவர் இரண்டையும் பார்த்து, தான் செய்வித்தது பிழை என்று தெரிந்துகொண்டுவிடக் கூடாது என்ற பயம்.

போன மாதம் அது நின்றுபோனது. பெட்டரி மாற்ற ஹட்டனுக்குப் போனோம். வேனை நிறுத்த இடம் தேடி அவர் கீழே போக, நான் மட்டும் கடைக்குள் போனேன். முதலாளி கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த நாலா! நான் அன்னைக்கே வேணாம்னு சொன்னேன், டீச்சர். கடையில உள்ள உரோம எண் வாச்சு எல்லாத்தையும் எடுத்துக் காட்டினேன். எல்லாத்துலயும் நாலு கோடுதான். ஒவ்வொன்னா பார்த்தாரு."

"பார்த்துட்டு என்ன சொன்னாரு, நானா?"

"'வெளங்குது நானா, மத்த வாச்சுல எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவ கையில கட்டுறதுல அவ சொன்னது சரியா இருக்கணும்'னாரு. நான் அதுக்கு மேல என்ன பேசுறது?"

ஒரு வருடமாக அவருக்குத் தெரியாமல் நான் பொத்திவைத்தது அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று நான் கையை மறைத்தபோதெல்லாம் கண்ணாடியில் பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டியிருக்கிறார். கடைக்காரர் முன்னால் கண் நிறைந்துவிட்டது. அதே முகப்பு புதிதாக இருக்கிறது, மாற்றித் தரவா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

வேனில் ஏறினேன். ஹட்டன் டவுனைத் தாண்டியதும் சொன்னேன்.

"ஏங்க, நாலு கோடுதான் சரி. நான் சொன்னது பிழை."

"தெரியும்," என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

"தெரிஞ்சும் ஏன் மாத்துனீங்க?"

"வாச்ச மாத்துறது லேசு, டீச்சர். ஒன்ன மாத்தணும்னு எனக்கு ஒருநாளும் தோணல."

 கொட்டகலை வந்ததும் கியரில் இருந்த அவர் கையின் மேல் என் கையை வைத்தேன். "பார்த்து, வளைவு வருது," என்றார். கையை எடுக்கவில்லை.